காகிதத்தில் மலரும் செம்பருத்தி

பிறந்த நாளுக்கும் பண்டிகைக்கும் கடையில் ஒரு வாழ்த்து அட்டை வாங்கி, அச்சிட்ட வாசகத்தின் கீழே கையெழுத்திட்டு அனுப்பும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. இப்போது அந்தச் சிரமமும் ஒழிந்தது. கைத்தொலைபேசியில் வந்த ரோஜாப் படத்தையே விரலால் தள்ளி மற்றொருவருக்கு அனுப்பிவிடுகிறோம். பெற்றுக் கொள்பவரும் அதைப் பார்த்த மறுகணமே அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறார். ஒரே ரோஜா ஊரையெல்லாம் சுற்றி வருகிறது. ஒருவர் வீட்டிலும் தங்குவதில்லை. வீட்டில் தங்கக்கூடிய மலரொன்றைக் கத்திரிக்கோலும் பசையும் கொண்டு செய்வது எப்படி என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

காகிதப் பூச் செய்யும் கலை நம் வீடுகளுக்குப் புதிதன்று. ஆனால் கொலு மண்டபங்களிலும் பள்ளிக்கூட விழா மேடைகளிலும் நாம் காணும் பூக்களில் பெரும்பாலானவை எந்தச் செடியிலும் பூக்காத பூக்கள். இதழ் எத்தனை என்று கேட்டால் செய்தவருக்கே தெரியாது. காகிதம் தீர்ந்தபோது இதழும் தீர்ந்தது, அவ்வளவுதான்! ஆகையால் என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் விதித்திருக்கும் முதல் நிபந்தனை இது: காகிதத்தைத் தொடுமுன் உண்மைப் பூ ஒன்றைப் பறித்து வந்து, அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வேலியோரத்துச் செம்பருத்தியையே எடுத்துக் கொள்ளுங்கள். அடுக்குச் செம்பருத்தி வேண்டாம். ஒற்றைச் செம்பருத்தி போதும். இதழ்கள் 5. நடுவே பூவுக்கு வெளியே நீண்டு நிற்கும் ஒரு தண்டு. அதன் மேற்பகுதியைச் சுற்றி மஞ்சள் மகரந்தப் பைகள். உச்சியில் 5 சிறு கிளைகள், ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு செந்நிறப் பொட்டு. அடியில் பச்சைப் புல்லி வட்டம். அதற்கும் கீழே மெல்லிய பச்சைக் கீற்றுகளாலான இன்னொரு சிறு வட்டம். இவ்வளவையும் பார்த்தவர்கள்கூட ஒன்றைக் கவனிப்பதில்லை. ஒவ்வோர் இதழும் தன் ஒரு விளிம்பால் அடுத்த இதழை மூடி, மறு விளிம்பால் முந்திய இதழுக்கு அடியில் ஒதுங்கி நிற்கிறது. ஐந்தும் ஒரே திசையில் முறுக்கிய வரிசை. ஒரு பூவில் இம்முறுக்கு வலமாகவும் மற்றொரு பூவில் இடமாகவும் இருக்கலாம். ஒரே பூவுக்குள் திசை மாறுவதில்லை. இந்த ஒரு விஷயத்தைக் காகிதத்தில் பிடித்துவிட்டால் பூவுக்கு உயிர் வந்துவிடும்.

பார்ப்பதே பாதி வேலை என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு மூதாட்டி சாட்சி. மேரி டெலானி என்பவர் 1700-இல் பிறந்தவர். தம் 72-ஆம் வயதில் வர்ணக் காகிதங்களை இதழ் இதழாக வெட்டி, கறுப்புத் தாளின்மேல் ஒட்டிச் செடிகளின் உருவங்களை அமைக்கத் தொடங்கினார். எதிரே உண்மைச் செடியை வைத்துக் கொண்டே வெட்டுவார். பத்து வருஷங்களில், கண் பார்வை மங்கும் வரையில், ஆயிரத்துக்குச் சற்றுக் குறைய அத்தகைய படங்களைச் செய்து முடித்தார். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் அவை இன்றும் இருக்கின்றன. அவருடைய மலர்கள் தாளோடு படிந்தவை. நாம் செய்யப் போவது எழுந்து நிற்பது. ஆயினும் கண்ணுக்கு வேண்டிய சிரத்தை ஒன்றே.

இனிக் காகிதம். ஆலையில் செய்த தாளுக்கு ஓர் ஓட்டம் உண்டு. இயந்திரம் ஓடும் திசையிலேயே நார்கள் பெரும்பாலும் படிந்துவிடுவதால், ஒரு பக்கமாக வளைத்தால் இணங்கும். மறு பக்கமாக வளைத்தால் முரண்டு பிடிக்கும். கையால் வார்த்த காகிதத்தில் நார்கள் எல்லாத் திசையிலும் கலந்து கிடக்கின்றன. ஆகையால் எப்படி வளைத்தாலும் ஏறக்குறைய ஒன்றுபோல இணங்கும். 1934-இல் வார்தாவில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றியபோது, தஞ்சாவூரில் பிறந்த ஜே. ஸி. குமரப்பா அதன் காரியதரிசியாக இருந்து வளர்த்த தொழில்களுள் கைக்காகிதமும் ஒன்று. அதன் பெருமையை எடுத்துரைத்தவர்கள், இதழ் செய்வதற்கும் அது உகந்தது என்று சொன்னார்களோ இல்லையோ, நான் சொல்கிறேன்.

செம்பருத்திக்கு மாத்திரம் கடையில் க்ரேப் என்று விற்கும் சுருக்கத் தாளே மேல். சுருக்கங்கள் இதழின் அடியிலிருந்து நுனியை நோக்கி ஓடுமாறு வெட்ட வேண்டும். இதழ் 3 அங்குல நீளம், அகலமான இடத்தில் இரண்டரை அங்குலம், அடி குறுகல். வெட்டிய பின் இரு கட்டை விரல்களையும் இதழின் நடுவில் வைத்துப் பக்கவாட்டில் மெள்ள இழுத்தால் சுருக்கம் விரிந்து குழிவு உண்டாகும். மேல் விளிம்பை மட்டும் ஆங்காங்கே சிறிது இழுத்தால் அலை அலையாக நெளியும். பலம் வேண்டாம், ஒரு முறை விரிந்த சுருக்கம் பழைய நிலைக்குத் திரும்பாது.

காம்புக்குக் கம்பி தேட வேண்டியதில்லை. துடைப்பத்திலிருந்து ஒரு தென்னை ஈர்க்கை உருவிக் கொள்ளுங்கள். உச்சியில் சிவப்பு நூல் துண்டுகள் 5, ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு முடிச்சு. அவற்றைக் கட்டியபின் ஈர்க்கின் மேல் மூன்றரை அங்குலத்துக்குச் சிவப்புத் தாளைச் சுற்றி, அதில் மேல் ஓரங்குலத்துக்குப் பசை தடவி, மஞ்சள் தூள் கலந்த ரவையில் புரட்டுங்கள். மகரந்தம் தயார். பிறகு தண்டின் அடியில் இதழ்களை ஒவ்வொன்றாக ஒட்டிச் செல்ல வேண்டும். ஐந்தாவது இதழின் ஒரு விளிம்பை முதல் இதழுக்கு அடியில் நுழைக்கும் இடத்தில்தான் பொறுமை சோதிக்கப்படுகிறது. அது முடிந்தால் பச்சைத் தாளில் புல்லியும் கீற்றுகளும் வெட்டி அடியை மூடிக் காம்பைச் சுற்றிவிடலாம். பசைக்கு மைதாக் கூழ் போதும். பூச்சி அரிக்காதிருக்கச் சிலர் அதில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது விஷம், குழந்தைகள் உள்ள வீட்டில் கூடவே கூடாது.

என் மாணவி ஒருத்தியின் பாட்டியார் சென்ற வருஷம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அந்தப் பகுதிக்குள் பூக் கொண்டு செல்ல அனுமதி இல்லை. விடியற்காலையில் பூஜைக்குச் செம்பருத்தி பறிப்பது அந்த அம்மாளின் நீண்ட நாள் வழக்கமாம். இவள் இரண்டு மாலைப் பொழுதுகள் உட்கார்ந்து காகிதச் செம்பருத்தி ஒன்றைச் செய்து எடுத்துப் போனாள். பாட்டியார் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கிணற்றடிச் செடியிலே பூத்ததுதானேடி?" என்று கேட்டாராம். மறுநாள் வகுப்பில் அதைச் சொல்லும்போது அவள் குரல் தழுதழுத்தது. முதலில் செய்த இரண்டு பூக்களை முறுக்கு சரியில்லை என்று அவளே பிரித்துப் போட்டிருந்தாள் என்பது பின்னர்தான் எனக்குத் தெரிய வந்தது.

தூரத்தில் உள்ளவர்களுக்கு இத்தகைய பூவைத் தபாலில் அனுப்பினால் நசுங்கிப் போகும். அவர்களுக்கு, மூடினால் படிந்து, திறந்தால் மலரும் அட்டை வேண்டும். நாலங்குலச் சதுரத் தாள் 7 எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டாக, நான்காக, பிறகு மூலைவாட்டில் முக்கோணமாக மடித்து, திறந்த பக்கத்தை இதழ் வடிவாக வெட்டுங்கள். விரித்தால் 8 இதழ். ஓர் இதழை அடியோடு வெட்டி எறிந்து, எஞ்சிய ஏழில் வெட்டின் இருபுறமும் உள்ள இதழ்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டினால் 6 இதழுள்ள புனல் கிடைக்கும். இதைச் செம்பருத்தி என்று யாரும் சொல்ல வேண்டாம். வெள்ளைத் தாளில் செய்தால் சம்பங்கி. அதற்கு இதழ் ஆறுதான், உருவமும் புனல்தான்.

ஒவ்வொன்றையும் முகத்துக்கு 3 இதழாகத் தட்டையாக மடித்து, கூர்முனைகள் எல்லாம் ஒரே பக்கம் இருக்குமாறு அடுக்குங்கள். கீழே ஒன்று, அதன் இரு ஓர இதழ்களின்மேல் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, அவ்விரண்டையும் இணைத்து நடுவே ஒன்று, மறுபடியும் இரண்டு, மறுபடியும் ஒன்று. பசையை இதழின் நுனியருகே ஒரு பொட்டுக்கு மேல் வைக்கக் கூடாது. அதிகமானால் உள்ளிதழ்களும் ஒட்டிக் கொண்டு கொத்து மலராது. காய்ந்ததும் அடிப் பூவின் நடு இதழை அட்டையின் ஒரு பக்கத்திலும், மேல் பூவின் நடு இதழை மறு பக்கத்திலும், கூர்முனை மடிப்பை நோக்கி இருக்கும்படி ஒட்டிவிடுங்கள். எழுத வேண்டிய வாசகத்தை மட்டும் அதற்கு முன்பே எழுதிவிடுவது நலம். கொத்து ஏறிய பிறகு பேனா உள்ளே நுழைய இடம் இராது.