மஞ்சள் கேபிளில் விழுந்த அருவி

பழைய வீடியோ கேம்களை இன்றைய டிவியில் ஆடுபவர்களுக்கு ரெட்ரோஆர்ச் போன்ற மென்பொருள்களில் ஒரு வசதி உண்டு. பிக்சர் டியூப் டிவியில் தெரிந்ததுபோல் படத்தை மாற்றிக் காட்டும் சிறு நிரல்கள் அவை, ஷேடர் என்பார்கள். அவற்றின் அளவுகளை யாரோ ஏற்கெனவே கூட்டிக் குறைத்துச் சேமித்துவைத்த தொகுப்புதான் பிரீசெட். பட்டியலைத் திறந்தால் தலை சுற்றும். 'இதில் எது அசல் டிவி மாதிரி?' என்று தேடத் தொடங்குவதில்தான் பலரும் வழி தவறுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது, அந்த கேம் எந்தக் கேபிள் வழியாக டிவிக்குப் போனது என்பதை. அடுத்து, நம் திரை எவ்வளவு தாங்கும் என்பதை.

சேகா நிறுவனம் 1991இல் வெளியிட்ட 'சோனிக் தி ஹெட்ஜ்ஹாக்' முதல் கட்டத்திலேயே அருவிகள் வரும். இன்றைய திரையில் கூர்மையாகப் பார்த்தால் அவை அருவியாகவே தெரியாது. ஒரு கோடு நீர், ஒரு கோடு வெற்றிடம் என்று நெட்டுக்குத்தாக நிற்கும். முன்னால் உள்ளதையும் பின்னால் உள்ளதையும் கலந்து காட்டும் வித்தை அந்த கேம் ஓடிய மெகா டிரைவ் கருவிக்குக் கிடையாது. ஆனால் மஞ்சள் முனை கொண்ட ஏ.வி. கேபிள் ஒளியையும் நிறத்தையும் ஒரே கம்பியில் திணித்து அனுப்பும். அடுத்தடுத்த புள்ளிகளைத் தனித்தனியாகக் கொண்டுசேர்க்க அதனால் ஆகாது. கோடுகள் ஒன்றோடொன்று கரைந்து, பின்னால் உள்ள பாறை தெரியும் நீராகிவிடும். அதே கருவியை ஐரோப்பாவில், நிறங்களைத் தனித்தனிக் கம்பியில் அனுப்பும் ஆர்.ஜி.பி. ஸ்கார்ட் கேபிளில் இணைத்தவர்களுக்கு, அதே வகை டியூப் டிவியில், கோடுகள் கோடுகளாகவே தெரிந்தன. அதாவது டியூபின் பெருமை என்று நாம் சொல்லும் மென்மையில் பெரும்பங்கு கேபிளுடையது. வெறும் கறுப்பு வரிகளைப் போடும் பிரீசெட் இந்த அருவியை மீட்டுத் தராது. காம்போசிட் அல்லது என்.டி.எஸ்.சி. என்று பெயரிட்ட, மஞ்சள் கேபிளின் சிக்னலையும் சேர்த்துக் கணக்கிடும் பிரீசெட்தான் வேண்டும். அதையே ஆர்கேடில் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'க்குப் போட்டால் தப்பு: அந்த இயந்திரத்தில் ஆர்.ஜி.பி. சிக்னல் நேரே மானிட்டருக்குப் போனது; படம் பளிச்சென்றுதான் இருந்தது. கேம் பாய் அட்வான்ஸ் கேம்களோ எல்.சி.டி. திரைக்கென்றே வரையப்பட்டவை. அவற்றுக்கு டியூப் வேஷம் எதற்கு?

'ஓவியர் வரைந்தது புள்ளிகளைத்தானே, அவற்றை அப்படியே காட்டுவதுதானே நேர்மை?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒவ்வொரு ஓவியரும் மங்கலை எதிர்பார்த்தே வரைந்தார் என்று சாதிக்க முடியாது. ஐரோப்பியச் சிறுவர்கள் கோடுகளைப் பார்த்தும் மகிழ்ச்சியாகத்தான் ஆடினார்கள். ஆனால் புள்ளிகளும் டியூப் மானிட்டரில்தான் வரையப்பட்டன. சதுரச் சதுரமாக, விளிம்பு வெட்டியதுபோல் தெரியும் பிக்ஸல் என்பது எல்.சி.டி. திரை தந்த தோற்றம்; ஷேடர் போடாமல் பார்ப்பதும் ஒரு வேஷம்தான். அசல் ஒன்றே ஒன்று என்பது இல்லாதபோது, அந்தந்த கேமுக்குப் பொருந்திய சிக்னலைத் தேர்வதுதான் அறிவு.

இனி திரை. அக்காலக் கருவிகள் பல சுமார் 224 வரிகளையே அனுப்பின. வரிகளுக்கு நடுவே டியூபில் விழுந்த இருட்டைத்தான் இன்று ஸ்கேன் வரி என்கிறார்கள். 1080 வரி உயரமுள்ள திரையில் ஒரு பழைய வரிக்கு 4.8 பிக்ஸல் கிடைக்கும். முழு எண் அல்ல என்பதால் சில வரி தடிக்கும், சில மெலியும். நான்கு மடங்கோடு நிறுத்தி, மேலும் கீழும் கொஞ்சம் கறுப்பு விடுவது மேல். டியூபின் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளின் அமைப்பை (ஷேடர்களில் இதற்கு மாஸ்க் என்று பெயர்) போலச் செய்வது இன்னும் கடினம். 4:3 படத்தை முழு உயரத்துக்கு நீட்டினாலும் அந்தத் திரையில் 1440 பிக்ஸல் அகலம்தான். மூன்று நிறத்துக்கு மூன்று பிக்ஸல் என்றால் 480 தொகுதிகள்தான் வரும், படம் சொரசொரப்பாகிவிடும். அங்கே மாஸ்க்கை நன்றாகக் குறைத்து, சிஆர்டி-ஈஸிமோடு போல எளிய ஒன்றோடு திருப்திப்படலாம். சிஆர்டி-ராயல் போன்ற கனமானவை 4கே திரையில்தான் தம் வேலையை முழுமையாகக் காட்டும்.

வெளிச்சமும் செலவாகும். மாஸ்க் ஒவ்வொரு பிக்ஸலிலும் மூன்று நிறத்தில் ஒன்றை மட்டும் எரியவிட்டால் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். வரிகளை இருட்டாக்கினால் அதிலும் பாதி போகும். திரை பிரகாசமானதாக, முடிந்தால் எச்.டி.ஆர். வசதியோடு இருந்தால்தான் அடர்ந்த மாஸ்க் கட்டுப்படியாகும். ஓ.எல்.இ.டி. டிவிகள் சிலவற்றில் நிறங்கள் வேறு வரிசையில் அமைந்திருக்கும். ஷேடரின் மெனுவில் அதற்கேற்ப மாற்றாவிட்டால் வெள்ளை எழுத்தின் ஓரம் சாயம் கசியும்.

வளைந்த கண்ணாடி, அதில் அறை விளக்கின் பிரதிபலிப்பு, சுற்றிலும் மரச்சட்டம் எல்லாம் தரும் பிரீசெட்களும் உண்டு. அவை டிவிப் பெட்டியின் அலங்காரம், படத்தோடு சம்பந்தமில்லை. வளைவை ஒழிக்கத்தான் 1990களின் பிற்பகுதியில் தட்டையான டியூபை விற்றார்கள். கடைசியாக, பிரீசெட்டை இணையத்தில் வரும் ஸ்கிரீன்ஷாட்டை வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. மாஸ்க் என்பது ஒவ்வொரு பிக்ஸலுக்கும் கணக்கிட்டுப் போட்டது; படத்தைச் சுருக்கியதும் அது குலைந்து, அலையலையாகக் கறை படிந்ததுபோல் தெரியும். அதைப் பார்த்து நல்ல பிரீசெட்டை ஒதுக்கியவர்கள் நிறைய.