தோற்ற படைத்தலைவரின் நூற்சான்று: சைதி அலி ரெயிஸ்

படைத்தலைவர் ஒருவர் தம் தோல்வியைக் குறித்துத் தாமே எழுதிய நூலை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுங்கால் இரு வினாக்கள் எழும். அவர் கண்டது யாது? யார்முன் நின்று அதனைக் கூறுகின்றார்? இவற்றுள் பின்னைய வினாவின் இன்றியமையாமையைப் பதினாறாம் நூற்றாண்டின் உதுமானியக் கடற்படைத் தலைவராகிய சைதி அலி ரெயிசின் வாழ்வு நன்கு விளக்கும்.

இவர் 1522-இல் ரோட்ஸ் தீவு முற்றுகையில் பங்குகொண்டார். 1538-இல் பார்பரோசா ஹைருத்தீன் பாஷா வென்ற ப்ரெவேசாக் கடற்போரில் இடப்பக்க அணியை நடத்தினார். 1551-இல் திரிப்போலியைக் கைப்பற்றிய படையிலும் இருந்தார். இவை யாவும் மத்தியதரைக் கடற் போர்கள் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

1553-இன் இறுதியில், பஸ்ராவில் நின்ற 15 போர்க்கலங்களைச் சூயஸ் துறைக்குக் கொண்டு சேர்க்கும் பணி இவரிடம் ஒப்படைக்கப்பெற்றது. அஃது எளிய பணியன்று. 1552-இல் போர்த்துக்கீசியர் வசமிருந்த ஹோர்முஸ் கோட்டையைக் கைப்பற்ற இயலாமல், கலங்களைப் பஸ்ராவில் விட்டுத் திரும்பிய பீரி ரெயிஸ் கெய்ரோவில் கொலைத்தண்டனை பெற்றார். அடுத்து முயன்ற முராத் ரெயிசும் பஸ்ராவிற்கே மீண்டார்.

1554 ஜூலையில் புறப்பட்ட சைதி அலி, ஆகஸ்டில் இருமுறை போர்த்துக்கீசியரோடு பொருதார். மஸ்கட்டருகே நிகழ்ந்த இரண்டாம் போரில் 6 கலங்கள் அழிந்தன. எஞ்சியவற்றை, ‘யானைப் புயல்’ என அவர் குறிக்கும் பெருங்காற்றுக் குஜராத்துக் கரையில் ஒதுக்கிற்று.

இத்தோல்விக்குக் கடலறிவின்மையே காரணம் என்பது பொருந்தாது. அவ்வாண்டே அகமதாபாத்தில் அவர் முடித்த ‘முஹீத்’ என்னும் நூல், பருவக்காற்று, கடல்வழி, விண்மீனின் உயரத்தை விரற்கணக்கால் அளக்கும் முறை ஆகியவற்றை விரித்துரைக்கின்றது. இபின் மாஜித், சுலைமான் அல் மஹ்ரீ ஆகிய அராபியக் கடலறிஞர்தம் நூல்கள் அதற்கு முதலாயின. குறை கலத்தின்கண் இருந்தது. துடுப்பால் இயங்கும் தாழ்ந்த கலம் மத்தியதரைக் கடலுக்கு ஏற்றது. பருவக்காற்றின் பேரலைக்கும் போர்த்துக்கீசியரின் உயர்ந்த பாய்க்கப்பலுக்கும் ஈடு கொடுக்கவல்லதன்று.

கலங்களைச் சூரத்தில் விட்டு, ஏறத்தாழ 50 பேருடன் தரைவழியே புறப்பட்ட அவர், சிந்து, லாகூர் வழியாகத் தில்லி அடைந்து ஹுமாயூனின் அவையில் தங்கினார். 1556-இல் அம்மன்னர் இறந்தபோது, அக்பர் வருமளவும் அச்செய்தியை மறைக்குமாறு தாமே அறிவுரை கூறியதாக எழுதுகின்றார். பின்னர்க் காபூல், சமர்கந்து, பாக்தாத் வழியாக 1557-இல் தாயகம் மீண்டு, ‘மிர்ஆத்துல் மமாலிக்’ என்னும் பயணநூலை இயற்றினார்.

அந்நூலில், ஹைருத்தீன் பாஷாவும் ஆந்திரியா தோரியாவும் பொருத போரினும் மஸ்கட்டுப் போர் கடியது என்கின்றார். ப்ரெவேசாவில் நின்றவர் கூற்றாதலின் இதனை எளிதில் தள்ளலாகாது. எனினும், பீரி ரெயிசின் முடிவை அறிந்தவர், கலங்களையெல்லாம் இழந்து மன்னன்முன் நின்று கூறியது என்பதையும் மறத்தலாகாது. சுல்தான் சுலைமான் அவரைத் தண்டியாது, நிலுவை ஊதியமும் அரண்மனைப் பதவியும் அளித்தார்.

ஆகவே இந்நூலை முழுதும் மெய்யெனக் கொள்ளுதலும், தன்னலப் புனைவெனத் தள்ளுதலும் ஒருங்கே பிழையாம். வழியும் ஊரும் கூறுமிடத்து அது கண்டார் கூற்று. போர் கூறுமிடத்து அது தம் உயிர்க்கு வாதாடுவார் கூற்று. ஒரு நூலுள் இவ்விரு குரல்களையும் பிரித்தறிதலே ஆராய்வார் கடன்.