விடுமுறைக்குப் போன ஊரில் புயல்: கிளம்புவதா, தங்குவதா?

கடலிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது டெல்லி. ஆனாலும் வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் உருவாகிற ஒவ்வொரு புயலுக்கும் எச்சரிக்கை எழுதப்படுவது இந்த ஊரில்தான். லோதி சாலையில் இருக்கும் மௌசம் பவன், இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைமையகம். வெப்பமண்டலப் புயல்களைக் கண்காணிக்க உலக வானிலை அமைப்பு அமர்த்தியிருக்கும் ஆறு வட்டார மையங்களில் ஒன்றும் அங்கேதான் இயங்குகிறது. இலங்கை, வங்கதேசம், மியான்மர் தொடங்கி ஓமன், ஏமன் வரை 13 நாடுகள் அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் காரியத்தில் இறங்குகின்றன.

அதே டெல்லியிலிருந்து பெட்டியைக் கட்டிக்கொண்டு புரிக்கும் அந்தமானுக்கும் புதுச்சேரிக்கும் கிளம்புகிறவர்களில் எத்தனை பேர் அந்த அறிக்கையைப் பார்க்கிறார்கள்? ஓட்டலில் காலைச் சாப்பாடு உண்டா என்று பத்துப் பேரிடம் விசாரிப்போம். கடலில் என்ன நடக்கிறது என்று ஒருவரிடமும் கேட்க மாட்டோம்.

கேட்டாக வேண்டிய காரணம் நாள்காட்டியிலேயே இருக்கிறது. வங்கக் கடலுக்குப் புயல் காலம் ஆண்டில் இரண்டு. ஒன்று பருவமழைக்கு முந்தையது, அதில் மே மாதம் உச்சம். மற்றொன்று அக்டோபர் முதல் டிசம்பர் வரை. புயல் வளரக் கடல்நீரின் மேற்பரப்பு குறைந்தது 26.5 டிகிரி வெப்பமாக இருக்க வேண்டும். மேலே வீசும் காற்றுக்கும் கீழே வீசும் காற்றுக்கும் வேகத்தில் பெரிய வித்தியாசமும் இருக்கக் கூடாது. ஜூலை, ஆகஸ்டில் தென்மேற்குப் பருவக்காற்று அந்த வித்தியாசத்தை மிகப் பெரிதாக்கிவிடுவதால், எழுகிற தாழ்வு நிலைகள் பெரும்பாலும் மழையோடு நின்றுவிடுகின்றன. அதற்கு முன்னும் பின்னும் தடையில்லை. டெல்லிப் பள்ளிகளின் கோடை விடுமுறை, தசரா, தீபாவளி, கிறிஸ்துமஸ் எல்லாம் சரியாக அந்த மாதங்களில்தான் வருகின்றன. குடும்பத்தோடு கடற்கரைக்குப் போகும் நாளும் கடல் பொங்கும் நாளும் ஒன்றாக அமைவது விபத்தல்ல.

2019-இல் வந்த ஃபானியை இதற்குப் பாடமாகவே எடுத்துக்கொள்ளலாம். ஏப்ரல் 26 அன்று நிலநடுக்கோட்டுக்கு அருகே, சுமத்ராவுக்கு மேற்கே தாழ்வு மண்டலமாகப் பிறந்தது. மறுநாள் புயலானது. முதலில் தமிழகக் கரையை நோக்கி வருவதாகத் தெரிந்தது. சென்னையில் மழைக்காகக் காத்திருந்தவர்களை ஏமாற்றிவிட்டு வடக்கே திரும்பி ஒடிசாவுக்குக் குறிவைத்தது. மே 3 காலை 8 முதல் 10 மணிக்குள் புரி அருகே கரையைக் கடந்தபோது காற்றின் வேகம் மணிக்கு 175 முதல் 185 கிலோமீட்டர், இடையிடையே 205. பிறந்த நாளிலிருந்து கணக்கிட்டால் ஒரு வாரம். இத்தனை அவகாசம் தரும் பேரிடர்கள் அதிகமில்லை. நிலநடுக்கம் ஒரு நொடிகூடத் தராது.

அந்த அவகாசத்தை ஒடிசா அரசு பயன்படுத்தியது. 1999 சூப்பர் புயலில் பத்தாயிரம் பேரை ஒட்டிப் பறிகொடுத்த மாநிலம் அது. ஃபானிக்கு முன் 12 லட்சம் பேரைக் கடலோரத்திலிருந்து அப்புறப்படுத்தியது. 26 லட்சம் குறுஞ்செய்திகள் போயின. சுற்றுலாப் பயணிகளுக்கும் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: மே 2 மாலைக்குள் புரியை விட்டுக் கிளம்புங்கள். பயணிகளை ஏற்றிச் செல்லப் புரியிலிருந்து ஹவுரா பக்கம் சிறப்பு ரயில்கள் விடப்பட்டன. நூற்றுக்கு மேற்பட்ட மற்ற ரயில்கள் ரத்தாயின. புவனேஸ்வரம் விமான நிலையம் மே 2 நள்ளிரவோடு மூடப்பட்டது.

இதில் சுற்றுலாப் பயணி கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புயல் கரையைத் தொட்டது 3-ஆம் தேதி காலை. ஆனால் ஊரைவிட்டு வெளியேறும் கதவு அதற்கு முந்தைய நாளே சாத்தப்பட்டுவிட்டது. "வெள்ளிக்கிழமை காலைதானே வருது, வியாழன் ராத்திரி ரயிலைப் பிடிச்சுக்கலாம்" என்று கணக்குப் போட்டவருக்கு ரயில் இருந்திருக்காது. புயல் எப்போது கரையைக் கடக்கும் என்ற செய்தியையே எல்லோரும் பார்க்கிறோம். பயணிக்கு அது இரண்டாவது கேள்விதான். ரயிலும் விமானமும் எப்போது நிற்கும் என்பதே அவருக்கு முதல் கேள்வி. பொதுவாக ஒரு நாள் முன்பே நின்றுவிடும் என்று வைத்துக்கொண்டால் தப்பில்லை.

எச்சரிக்கைகள் படிப்படியாக வருகின்றன. புயலால் கரைக்குப் பாதிப்பு நெருங்க 72 மணி நேரம் இருக்கும்போதே முன்கூட்டிய கவன அறிவிப்பு வந்துவிடும். குறைந்தது 48 மணி முன்னதாக மஞ்சள், 24 மணி முன்னதாக ஆரஞ்சு, 12 மணி முன்னதாக சிவப்பு. உள்ளூர்க்காரருக்கு மஞ்சள் என்றால் ஓட்டை உடைசலைச் சரிசெய்யும் நேரம். சுற்றுலா வந்தவருக்கு அது டிக்கெட்டை மாற்றும் நேரம். ஆரஞ்சு வந்த பிறகும் யோசித்துக்கொண்டிருந்தால் சிவப்பில் அறைக்குள் உட்கார வேண்டியதுதான். தமிழக நாளிதழ்களில் வரும் துறைமுகப் புயல் கூண்டு எண்களைப் பார்த்து யாரும் பயப்படவோ தைரியம் கொள்ளவோ வேண்டாம். அவை கப்பல்களுக்கானவை.

கிளம்பச் சொல்வதற்கு உயிர்ப்பயம் மட்டும் காரணமில்லை. பல லட்சம் பேரைப் பள்ளிக்கூடங்களுக்கும் புயல் காப்பகங்களுக்கும் மாற்றிக்கொண்டிருக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கு, ஓட்டலில் தங்கிவிட்ட ஆயிரம் வெளியூர்க்காரர்கள் கூடுதல் சுமை. மீனவக் குடும்பத்துக்குப் போக வேறு ஊர் கிடையாது. டெல்லிக்காரருக்கு வீடு இருக்கிறது. புயலைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் தங்குவதை நான் வீரம் என்று சொல்ல மாட்டேன்.

அந்த ஆசைக்கு டெல்லியின் ஆந்தி எனப்படும் புழுதிப் புயலும் ஒரு காரணம் என்பது என் சந்தேகம். மே மாதப் புழுதிக்காற்றைப் பார்த்துப் பழகியவர்களுக்குப் "புயல்தானே" என்ற அலட்சியம் வந்துவிடுகிறது. 2022 மே 30 அன்று டெல்லியின் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவானது. ஜாமா மசூதியின் நடுக்கும்மட்டக் கலசமே உடைந்து விழுந்தது. ஆனால் அது சில நிமிட வேகம். கடற்புயலின் காற்று மணிக்கணக்கில் ஓயாது. மேலும், காற்று தரும் அழுத்தம் அதன் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். மசூதிக் கலசத்தைச் சாய்த்த காற்றைவிட ஃபானியின் காற்று மூன்று மடங்குக்கும் கூடுதலான பலத்தோடு சுவரில் மோதியிருக்கும். கூடவே கடலும் ஊருக்குள் ஏறும்.

கடற்புயலின் வாலை டெல்லியும் ஒருமுறை பார்த்திருக்கிறது. 2021 மே 17 இரவு குஜராத் கரையில், டையூவுக்குப் பக்கத்தில் கடந்த டவ்-தே வலுவிழந்து வடக்கே நகர்ந்து, மேற்கிலிருந்து வந்த காற்றுச் சலனத்தோடு சேர்ந்துகொண்டது. மே 20 காலை வரையிலான 24 மணி நேரத்தில் சஃப்தர்ஜங்கில் 119.3 மில்லிமீட்டர் மழை. அதற்கு முன் மே மாதச் சாதனை 1976-இல் பெய்த 60 மில்லிமீட்டர். மே 19 அன்று பகல் வெப்பம் 23.8 டிகிரியைத் தாண்டவில்லை. டெல்லிவாசிகள் பால்கனியில் நின்று பஜ்ஜி சாப்பிட்டார்கள். டையூவில் யாரும் அப்படி நின்றிருக்க முடியாது.

தீவுகளின் கதை வேறு. அங்கிருந்து வெளியேற ரயில் கிடையாது, சாலை கிடையாது, கப்பல் நின்றால் எல்லாம் நின்றது. 2016 டிசம்பர் முதல் வாரத்தில் அந்தமானின் ஹேவ்லாக், நீல் தீவுகளில் (இன்றைய ஸ்வராஜ், ஷஹீத் தீவுகள்) ஆயிரத்துக்கு மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கடலில் அப்போது இருந்தது ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். புயல் என்ற பெயரைக்கூட அது இன்னும் வாங்கவில்லை. கடற்படை அனுப்பிய கப்பல்களே முதலில் தீவுகளை நெருங்க முடியாமல் காத்திருந்தன. பயணிகளை மீட்டுப் போர்ட் பிளேர் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) கொண்டுவர 9-ஆம் தேதி ஆகிவிட்டது. அந்தத் தாழ்வு மண்டலம்தான் வர்தா புயலாகி 12-ஆம் தேதி சென்னையின் மரங்களை முறித்துப் போட்டது. தீவுக்குப் போகிறவர் "புயல்" என்ற சொல்லுக்காகக் காத்திருக்கக் கூடாது. கடல் கொந்தளிப்பாக இருக்கும் என்று அறிவித்தாலே போர்ட் பிளேருக்குத் திரும்பிவிடுவது நல்லது. கடைசி நாள் கப்பல், மறுநாள் காலை டெல்லி விமானம் என்று நெருக்கித் திட்டமிடுவதையும் டிசம்பரில் தவிர்க்கலாம்.

இத்தகைய முன்னெச்சரிக்கை வசதி எதுவும் இல்லாத காலமும் இருந்தது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவு தனுஷ்கோடியை அலை விழுங்கியபோது, பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. குடும்பத்தோடு ராமேஸ்வரம் வந்திருந்த ஜெமினி கணேசனும் சாவித்திரியும் தனுஷ்கோடியைப் பார்த்துவிட்டு ராமேஸ்வரத்துக்குத் திரும்பியிருந்ததால் தப்பினார்கள். புயலைக் கண்டறியும் ரேடார் நம் கடலோரத்தில் முதன்முதலாக, விசாகப்பட்டினத்தில், நிறுவப்பட்டதே 1970-இல்தான். அன்றைய பயணிக்குத் தப்பிப்பது அதிர்ஷ்டம். இன்றைய பயணி அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது.

சரி, எப்படியோ கிளம்ப முடியாமல் போய்விட்டது. என்ன செய்வது?

முதலில் அறையை மாற்றுங்கள். கூடுதல் பணம் கொடுத்து எடுத்த, கடல் பார்த்த அறைதான் அன்றைக்கு மோசமான அறை. தரையிலிருந்து கூரை வரை இழுத்துத் திறக்கும் கண்ணாடிக் கதவு புயலில் முதலில் போகும். தரைத்தளம் கடல்நீருக்கு எளிது, மேல்மாடி காற்றுக்கு எளிது. கான்கிரீட் கூரையுள்ள கட்டடத்தில் நடுமாடியில், கடலுக்கு முதுகு காட்டும் பக்கம் கேளுங்கள். தகரக் கூரையோ ஓலைக் குடிலோ என்றால் அங்கே இருக்கவே வேண்டாம், அருகிலுள்ள புயல் காப்பகத்துக்குப் போய்விடுங்கள். காற்று உச்சத்தில் இருக்கும்போது ஜன்னல் இல்லாத இடமே பாதுகாப்பு. பெரும்பாலான ஓட்டல் அறைகளில் அது குளியலறை. காற்றழுத்தம் சமமாகட்டும் என்று எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். திறந்த ஜன்னல் வழியே நுழையும் காற்று கூரையைத் தூக்கும்.

மின்சாரம் போனால் மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடாவிட்டால் குழாயில் தண்ணீர் வராது. மொட்டைமாடியில் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டி காலியாக இருந்தால் காற்றில் பறந்தும் போகும். ஆகவே வாளி, மக், குப்பைத் தொட்டி என்று கிடைத்ததிலெல்லாம் முன்னதாகவே தண்ணீரைப் பிடித்து வையுங்கள். லிஃப்டைத் தொடாதீர்கள்.

நடுவில் திடீரென்று காற்று நின்று வானம் வெளுத்தால் புயல் போய்விட்டது என்று நினைத்துச் செல்போனோடு கடற்கரைக்கு ஓட வேண்டாம். அது புயலின் கண். வர்தாவின் கண் சென்னையைக் கடந்தபோது நகரமே அந்த அமைதியைப் பார்த்தது. சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து காற்று மறுபடி அறைந்தது. முதல் பாதியில் ஒரு பக்கம் சாய்ந்து நின்ற மரங்கள் இரண்டாம் பாதியில் விழுந்தன.

புயல் போன பிறகுதான் நீண்ட அவதி. ஃபானிக்குப் பின் புரியில் மின்சாரம் முழுமையாகத் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. செல்போன் கோபுரங்கள் சாய்ந்தன, ஏடிஎம்கள் படுத்தன. கையில் ரொக்கம் இல்லாதவருக்கு யுபிஐயால் ஒரு டீ கூட வாங்க முடியாது. அண்மைக் காலப் புயல்களில் எந்த நிறுவனத்தின் கோபுரம் நின்றிருந்தாலும் எல்லோரும் பயன்படுத்த அரசு வழி செய்கிறது. சிக்னல் இல்லையென்றால் செல்போன் அமைப்புகளில் நெட்வொர்க்கை நாமே தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம்.

பணக் கவலை பலரைத் தங்கவைக்கிறது. ரயில் ரத்தானால் இணையத்தில் எடுத்த டிக்கெட்டின் முழுத் தொகையும் தானாகவே திரும்பும். விமானம் ரத்தானால் இயற்கைச் சீற்றத்துக்கு இழப்பீடு கிடையாது, ஆனால் மாற்று விமானமோ பணமோ தந்தாக வேண்டும். பயணக் காப்பீட்டை முன்பதிவு செய்யும் நாளிலேயே எடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுக்கும் பாலிசி பொதுவாக அந்தப் புயலுக்கு உதவாது.

2024 அக்டோபரில் டானா வந்தபோதும் புரியைக் காலி செய்யச் சொன்னார்கள். புயல் 24-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின், வடக்கே பிதர்கனிகாவுக்கும் தாம்ராவுக்கும் இடையே கடந்தது. புரிக்குப் பெரிய சேதமில்லை. "சும்மா கிளப்பி விட்டார்கள்" என்ற முணுமுணுப்பு அப்போதும் கேட்டது. புயலின் பாதையைச் சில பத்து கிலோமீட்டர் துல்லியத்தில் இரண்டு நாள் முன்பே உறுதியாகச் சொல்ல எந்த நாட்டுக் கணினியாலும் முடியாது. வீணாய்ப் போன இரண்டு நாள் விடுமுறையை எச்சரிக்கையின் தோல்வியாக எண்ணுவது நியாயமில்லை.

இந்த டிசம்பரில் அந்தமானுக்கோ புரிக்கோ பதிவு செய்திருப்பவர்கள், கிளம்புவதற்கு நான்கு நாள் முன்னிருந்து வானிலைத் துறையின் 'மௌசம்' செயலியைத் தினமும் ஒருமுறை பாருங்கள். போன இடத்தில் அவசரம் என்றால் மாநிலக் கட்டுப்பாட்டு அறை எண் 1070, மாவட்டத்துக்கு 1077. இரண்டையும் இப்போதே செல்போனில் பதிந்து வையுங்கள்.