உஷார்! ராமேஸ்வரத்தில் ஸ்படிக மாலை வாங்கப் போகிறீர்களா?

மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கிளம்பும் குடும்பங்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயில் மறுபடியும் தீவுக்குள் போகிறது. காலையில் மதுரை ஜங்ஷனில் ஏறினால் மதியத்துக்குள் அக்னி தீர்த்தக் கரையில் நிற்கலாம். கூட்டம் பெருகுகிறது. அந்தக் கூட்டத்தின் பக்தியையும் அவசரத்தையும் குறிவைக்கும் வியாபாரமும் கூடவே பெருகுகிறது. அதில் நம்மவர்கள் அதிகம் ஏமாறக்கூடிய பொருள் ஸ்படிக மாலை.

காரணம் எளிது. ராமநாதசுவாமி கோயிலில் விடியற்காலை ஸ்படிக லிங்க தரிசனம் உண்டு. அதைப் பார்த்துவிட்டு, 22 தீர்த்தங்களிலும் நீராடி, ஈரத் துணியோடு வெளியே வருகிறோம். மனசு இளகியிருக்கிறது. அந்த நேரத்தில் ஒரு கடைக்காரர், "அம்மா, சுவாமி பாதத்துல வச்ச மாலை, அசல் ஸ்படிகம், வெளியில நாலாயிரம், உங்களுக்கு ஆயிரத்து ஐந்நூறு" என்று கையில் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. அப்படி வாங்கிய மாலை பல வீட்டுப் பூஜை அறைகளில் தொங்குகிறது. அது வெறும் கண்ணாடியாக இருக்கலாம்.

ஒரு விஷயத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ராமேஸ்வரம் தீவு மணலும் பவளச் சுண்ணாம்புப் பாறையும் சேர்ந்த மண். அங்கே ஸ்படிகம் வெட்டி எடுக்கப்படுவதில்லை. "இங்கேயே எடுத்து இங்கேயே பட்டை தீட்டியது" என்று ஒருவர் சொன்னால், அந்தக் கடையை விட்டு உடனே நகருங்கள். ஸ்படிகம் இயற்கையில் விளைந்த குவார்ட்ஸ் கல். கண்ணாடி, மணலைச் சூளையில் உருக்கி அச்சில் வார்ப்பது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், விலையில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

கடைக்காரர்கள் செய்து காட்டும் சோதனைகளை நம்பாதீர்கள். தண்ணீரில் போட்டால் அசல் ஸ்படிகம் கண்ணுக்குத் தெரியாமல் மறையும் என்பார்கள். தவறு. ஒளியை வளைப்பதில் கண்ணாடியும் ஸ்படிகமும் ஏறக்குறைய ஒன்றுதான். தண்ணீரில் இரண்டுமே ஒரே மாதிரி மங்கித் தெரியும். இருட்டில் இரண்டு மணிகளை உரசிப் பொறி காட்டுவார்கள். குவார்ட்ஸை உரசினால் ஒளி வருவது உண்மைதான். ஆனால் உரசிக் காட்டும் மணி வேறாகவும் உங்கள் பையில் விழும் மாலை வேறாகவும் இருக்கலாமே! அதோடு, அந்த மினுக்கைப் பார்த்து இது கல், இது கண்ணாடி என்று பிரித்துச் சொல்ல நம் கண்ணுக்குப் பழக்கமில்லை.

நாமே பார்க்கக்கூடியவை வேறு சில. ஒரு பூதக்கண்ணாடியைக் கையோடு கொண்டுபோங்கள். மணிக்குள் உருண்டையான காற்றுக்குமிழி தெரிந்தால் அது கண்ணாடி, சந்தேகமே வேண்டாம். அசல் கல்லில் மெல்லிய பனிப்புகை போன்ற கீற்றோ நூலிழை விரிசலோ இருக்கலாம். நூற்றெட்டு மணியும் மாசுமறுவின்றி, ஒரே அச்சில் வார்த்ததுபோல இருந்தால் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள். ஸ்படிகம் வெப்பத்தைக் கண்ணாடியைவிட வேகமாகக் கடத்தும். கையில் எடுத்ததும் சில்லென்று இருக்கும், அந்தக் குளிர்ச்சி சட்டென்று போகாது. பட்டை தீட்டிய மணி என்றால் விளிம்பைக் கவனியுங்கள். கண்ணாடி மென்மையானது, அதன் விளிம்பு சீக்கிரம் மழுங்கும். உருண்டையாகப் பெரிய ஸ்படிகம் வாங்குகிறவர்கள் ஒரு தலைமுடியை அடியில் வைத்து உருட்டிப் பாருங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் முடி இரட்டையாகத் தெரிந்தால் குவார்ட்ஸ். கண்ணாடியில் அப்படித் தெரியாது.

இத்தனைக்கும் பிறகும் முழு நிச்சயம் வராது. ஆய்வகத்தில் வளர்த்த குவார்ட்ஸும் சந்தையில் இருக்கிறது, அது இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவற்றில் தேறிவிடும். ஆயிரக்கணக்கில் பணம் போடுவதாக இருந்தால் ரத்தினப் பரிசோதனைக் கூடத்தின் சான்றிதழ் கேளுங்கள். அது இல்லையென்றால் மதுரைக்குத் திரும்பி, தெற்காவணி மூல வீதியில் உங்களுக்குத் தெரிந்த நகைக்கடையில் விசாரித்து நிதானமாக வாங்குங்கள். எங்கே வாங்கினாலும் பில்லில் "இயற்கை ஸ்படிகம்" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அசலை விற்கிறவர் அதை எழுதத் தயங்க மாட்டார். வெறும் "மாலை" என்று எழுதிய பில் உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் தராது.

முத்து விஷயமும் இப்படியே. "நேத்து முங்கி எடுத்தது" என்று காட்டப்படும் முத்தைத் தொடாதீர்கள். நம் கரையில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். பாண்டியன் கொற்கை முத்தின் பெயரைச் சொல்லி இன்று விற்கப்படுவது பெரும்பாலும் வளர்ப்பு முத்து அல்லது கண்ணாடி மணியின்மேல் பூச்சு. வலம்புரிச் சங்கு இன்னும் மோசம். அமெரிக்கக் கடற்கரையில் இயற்கையாகவே வலம்புரியின் திசையில் சுழித்து வளரும் வேறொரு சங்கை வலம்புரி என்று தலையில் கட்டுகிறார்கள். நம் கடல் சங்கின் வாய்க்குள் நடுத்தண்டில் மூன்று நான்கு வரிமேடுகள் இருக்கும், அந்த அமெரிக்கச் சங்கில் இருக்காது.

பவளம்தான் உண்மையில் பயப்பட வேண்டிய இடம். நகைக்குப் பயன்படும் செம்பவளம் மத்தியதரைக் கடல் போன்ற வெளிநாட்டுக் கடல்களிலிருந்து வருவது. மன்னார் வளைகுடாவில் அது வளர்வதில்லை. இங்கே இருப்பது பவளப்பாறை. 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்த பகுதி இது. பவளப்பாறைத் துண்டு, கடல் விசிறி, கடல்குதிரை, பெரிய கிளிஞ்சல் வகைகள் சில ஆகியவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. விற்பது மட்டும் குற்றமல்ல, வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். மூன்றிலிருந்து ஏழு ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். தனுஷ்கோடி சாலையோரம் பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்கிறார்கள் என்று ஒரு வெள்ளைப் பவளக் கிளையை வாங்கிப் பையில் போட்டுவிடாதீர்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டுத் தீவில் எதையுமே வாங்கக்கூடாது என்று முடிவுக்கு வந்துவிட வேண்டாம். என் ஆதங்கமே, ஏமாற்றுக்காரர்களால் நேர்மையான கைவினைக்காரர்களின் பிழைப்பும் கெடுகிறதே என்பதுதான். கண்ணாடி மணியைக் கண்ணாடி மணி என்று சொல்லி விற்றால் அது எவ்வளவு மதிப்பான பொருள்! ராமேஸ்வரம் சாலையிலேயே, மதுரையைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் கீழடி வருகிறது. 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தில் இறங்கிப் பாருங்கள். பழங்கால வைகைக் கரை மக்கள் அணிந்த கண்ணாடிப் பாசிகளும் சூதுபவள மணிகளும் அங்கே இருக்கின்றன. அந்தக் காலத்தில் புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில் கண்ணாடியை உருக்கி நீண்ட குழலாக இழுத்து, துண்டு போட்டு, மறுபடி சூடாக்கி மழுக்கிச் செய்த மணிகள் தென்கிழக்கு ஆசியா வரை கப்பல் ஏறின. ஆனால் ஒன்று: "கீழடி மண்ணுல கிடைச்ச பாசி" என்று யாராவது ரகசியமாக நீட்டினால் வாங்காதீர்கள். பொய்யென்றால் பணம் நஷ்டம். மெய்யென்றால் நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளை உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்த வழக்கில் நீங்களும் மாட்டக்கூடும்.

இத்தாலியில் வெனிஸ் பக்கத்து முரானோ தீவுக்கும் இதே தலைவலி. 1291-இல் தீ விபத்துக்குப் பயந்து கண்ணாடிச் சூளைகளை அந்தத் தீவுக்கு மாற்றினார்கள். இன்று வெளியூர்ச் சரக்கு முரானோ பெயரில் குவிகிறது. 1994-இல் அந்த மாகாண அரசு சட்டம் போட்டு, அசலுக்கென்று ஒரு முத்திரையே கொண்டுவந்தது. நம் தீவுக் கைவினைக்கும் அப்படி ஒரு முத்திரையை அரசு தர வேண்டும். அதுவரை நம் கண்தான் காவல்.

ஆட்டோக்காரர் கூட்டிப்போகும் "ஃபேக்டரி"களைத் தவிருங்கள். அவருக்குப் போகும் கமிஷனும் உங்கள் விலையில்தான் ஏறும். சங்கை அறுத்து வளையலாக்குகிற, சிப்பியில் துளை போட்டு மாலை கோக்கிற இடங்களை விசாரித்து நீங்களே போங்கள். வேலை நடப்பதைக் கண்ணால் பாருங்கள். அந்த வேலை செய்யும் பெண்களிடம் பத்து இருபதுக்குப் பேரம் பேசாதீர்கள். கோயில் வாசல்களில் பாசிமணி கோத்து விற்கும் நரிக்குறவர்களிடமும் தாராளமாக வாங்குங்கள், கண்ணாடிப் பாசிக்குக் கண்ணாடிப் பாசி விலைதான் கேட்பார்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் சும்மா இருக்க வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கிய ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. மதுரையில் குடியிருப்பவர் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. பில் கையில் இருக்கட்டும், இரண்டு ஆண்டுக்குள் போய்விடுங்கள்.