வியன்னாவில் ஒரு டிரம்பெட் கச்சேரி

டிரம்பெட் என்றதும் உங்களுக்கு நினைவு வருவது எது? போலீஸ் பாண்டு, கல்யாண ஊர்வலம், பள்ளிக்கூடத்து அணிவகுப்பு இவற்றுள் ஏதேனும் ஒன்றாகத்தான் இருக்கும். எனக்கும் நெடுநாள் வரையில் அப்படித்தான். அது வீதிக்கு உரிய வாத்தியம், நான்கு சுவர்களுக்குள் வைத்துக் கேட்கத் தக்கதன்று என்பது என் துணிபு. அந்தத் துணிபைச் சுமந்துகொண்டேதான், 2019-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு மாலை, வியன்னா நகரத்து மூசிக்ஃபெரைன் மண்டபத்தில் நின்றேன்.

நின்றேன் என்பது பேச்சுக்காகச் சொன்னதன்று. உட்காரும் இடத்துக்கான கட்டணம் என் சட்டைப்பைக்கு எட்டவில்லை. அம்மண்டபத்தில் சுமார் 1,700 பேர் அமரலாம். பின்பக்கத்தில் ஒரு தடுப்புக்கு அப்பால் 300 பேர் வரையில் நின்றுகொண்டு கேட்கலாம். நிற்பதற்குச் சொற்பக் கட்டணமே. ஆகையால் மாணவர் கூட்டம் முழுவதும் அங்கேதான். மண்டபம் 1870-இல் திறக்கப்பெற்றது. தியோஃபில் ஹான்சன் என்ற சிற்பி வகுத்தது. நீண்டுயர்ந்த ஒரு பெட்டியின் வடிவம். மரத்தளத்துக்கு அடியில் வெற்றிடம். கூரையிலிருந்து தொங்கவிட்ட மர விதானம். மண்டபமே ஒரு பெரிய பிடிலின் வயிறு போல் அமைந்திருப்பதால், கடைசியில் நிற்பவனுக்கும் ஒலி குறைவதில்லை.

அன்றைய முக்கிய உருப்படி, ஜோசஃப் ஹைடன் 1796-இல் இயற்றிய டிரம்பெட் கன்செர்ட்டோ. கன்செர்ட்டோ என்பது தனி வாத்தியக்காரர் ஒருவரும் ஒரு முழு வாத்தியக் குழுவும் சேர்ந்து நடத்தும் மூன்று பகுதிகள் கொண்ட உரையாடல் என்று கொள்ளுங்கள். இதை எழுதிய போது ஹைடனுக்கு வயது 64. அந்த வயதில் அவர் ஏன் ஊதுகுழல் ஒன்றை நாடினார் என்பது அறியத்தக்க கதை.

துளையோ பொத்தானோ இல்லாத ஒரு பித்தளைக் குழாயை ஊதிப் பாருங்கள். ஏழு ஸ்வரங்களும் வாரா. ஆதார ஒலியின் அதிர்வுகளைப் போல் இரு மடங்கு, மும்மடங்கு, நான்கு மடங்கு என்று முழு மடங்காக உள்ள ஒலிகள் மாத்திரமே எழும். நம் சங்கீத பாஷையில் சொன்னால், ஸட்ஜம், மேல் ஸட்ஜம், அதற்கு மேல் பஞ்சமம், மீண்டும் ஸட்ஜம், பிறகு அந்தர காந்தாரம், பஞ்சமம் என்று அந்த ஏணி செல்லும். கீழ்ப்படிகளுக்கு இடையே ஆள் விழும்படியான இடைவெளி! நம் கோயில்களில் ஊதும் எக்காளமும் கொம்பும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. எட்டாவது மடங்குக்கு மேல் ஏறினால் படிகள் நெருங்கி வரும். ஆகவேதான் பாக் போன்ற பழைய மேதைகள் டிரம்பெட்டுக்குப் பாட்டுத் தர விரும்பிய போதெல்லாம், அதை உச்ச ஸ்தாயியிலேயே சஞ்சரிக்க விட்டார்கள். நடு ஸ்தாயியில் அது அறிவிப்புக்காரன், பாடகன் அன்று.

இந்தக் குறையைத் தீர்க்க முனைந்தவர் ஆன்டன் வைடிங்கர் என்ற அரசவை டிரம்பெட்காரர். அவர் கையாண்ட கருவியில் குழாயின் பக்கத்தில் துளைகள் இட்டு, அவற்றை மூடித் திறக்கச் சாவிகள் வைத்திருந்தது. சாவியைத் திறந்தால் ஸ்வரம் ஏறும். இடைவெளிகள் நிரம்பின. அவருக்காகத்தான் ஹைடன் இதை எழுதினார். எழுதி நான்கு ஆண்டுகள் கழித்தே, 1800-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் நாள், வியன்னாவின் பர்க் நாடக சாலையில் வைடிங்கர் இதனை ஊருக்கு வாசித்துக் காட்டினார்.

இனிக் கச்சேரிக்கு வருகிறேன். முதலில் வாத்தியக் குழு மாத்திரம் வாசிக்கிறது. அதற்கு நடுவே தனி டிரம்பெட் ஒரு ஸ்வரத்தை ஒலித்துவிட்டு அடங்குகிறது; சற்றுப் பொறுத்து, போர்முரசத்தோடு வரும் முழக்கம் போல் இரண்டொரு ஒலிகள். எந்தப் பழைய டிரம்பெட்டாலும் ஆகக்கூடிய காரியம் அது. ‘இதற்குத்தானா?’ என்று அன்றைய சபை எண்ணியிருக்கும். நானும் எண்ணினேன். பிறகு தன் முறை வந்ததும், நடு ஸ்தாயியில், படிப்படியாக, ஒரு மெல்லிய பாட்டு புறப்பட்டது. இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் ஸ்வரங்கள்! ஹைடன் குறும்புக்காரர். முதலில் பழையதைக் காட்டி ஏமாற்றிவிட்டுப் புதியதை அவிழ்த்துவிடுகிறார்.

முதற் பகுதி முடிந்தது. நான் உற்சாகத்தில் பலமாகக் கைதட்டினேன். அந்தப் பெருங்கூட்டத்தில் கைதட்டியவன் நான் ஒருவனே. இப்போது அங்கே மூன்று பகுதிகளும் முடிந்த பின்பே தட்டுவது வழக்கமாம். பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவி, ஹைடன் காலத்தில் இடையிலும் தட்டுவதுண்டு, ஆகவே நான் செய்தது பழைய சம்பிரதாயந்தான் என்று ஆங்கிலத்தில் சொல்லி என் மானத்தைக் காத்தாள்.

இரண்டாம் பகுதி விளம்பகாலத்தில் அமைந்த தாலாட்டு. அரை அரை ஸ்வரமாக டிரம்பெட் இறங்கியபோது, உரத்துப் பேசுவதே தொழிலான ஒருவர் தம் வீட்டுக் குழந்தையிடம் தாழ்ந்த குரலில் பேசக் கேட்டது போல் இருந்தது. என் துணிபு அவ்விடத்தில் கழன்றது.

மூன்றாம் பகுதி துரிதம். ஒரு குதூகலமான மெட்டு மீண்டும் மீண்டும் வரும். இரண்டாம் முறை வருகையில் உச்சத்தில் ஒரு ஸ்வரம் உடைந்தது. தெளிவாகவே உடைந்தது, மண்டபம் முழுவதும் கேட்டது. அது ஏன் நேர்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். இன்றைய டிரம்பெட்டில் சாவிகள் இல்லை. 1814-க்கும் 1818-க்கும் இடையில் ஜெர்மனியில் உருவான வால்வு முறையே நிலைத்தது. மூன்று வால்வுகள், அழுத்தினால் குழாயின் நீளம் கூடும். நடு வால்வு அரை ஸ்வரமும், முதலாவது ஒரு முழு ஸ்வரமும், மூன்றாவது ஒன்றரை ஸ்வரமும் இறக்கும். விரல் செய்வது இவ்வளவே. ஒரே விரலமைப்பில் கிடைக்கும் பல ஒலிகளில் எது எழ வேண்டும் என்பதை உதட்டின் இறுக்கமும் மூச்சும் நிர்ணயிக்கின்றன. நாகசுரத்தில் அதிர்வது சீவாளி. டிரம்பெட்டில் அதிர்வது வாசிப்பவரின் உதடே. மேலே போகப் போகப் படிகள் நெருங்கும் என்றேனல்லவா? மயிரிழை பிசகினால் உதடு பக்கத்துப் படியில் கால் வைத்துவிடும். முப்பது பிடில்களில் ஒன்று தவறினால் மற்றவை மறைத்துவிடும். இவருக்கு மறைவிடம் இல்லை.

எனக்கு நெஞ்சு படபடத்தது. அதே மெட்டு இன்னும் வரும். அதே ஸ்வரமும் வரும். வேறொருவரானால் சற்று மெதுவாகவோ அடக்கியோ தொட்டிருப்பார். நிற்கும் கூட்டம் முழுவதும் மூச்சைப் பிடித்தது எனக்குத் தெரிந்தது. அவர் வேகத்தையும் குறைக்கவில்லை, ஒலியையும் குறைக்கவில்லை. முன்னிலும் துணிவாக அந்தப் படியில் ஏறினார். ஸ்வரம் மணி போல் நின்றது. பக்கத்து மாணவி தடுப்புக் கம்பியை ஓங்கித் தட்டினாள். அப்போது எந்தச் சம்பிரதாயம் அவளுக்கு நினைவில் இருந்ததோ!

வைடிங்கரின் சாவி டிரம்பெட் நிலைக்கவில்லை. துளை திறந்த ஸ்வரங்கள் மங்கி ஒலித்தன. வால்வு வந்ததும் அது ஒதுக்கப்பட்டது. அதனோடு இந்தக் கன்செர்ட்டோவும் நூறாண்டுக்கு மேல் உறங்கிக் கிடந்து, இருபதாம் நூற்றாண்டிலேதான் மறுபடியும் மேடை ஏறியது. ஹைடனின் கையெழுத்துப் பிரதி நான் நின்ற அதே கட்டடத்து நூலகச் சேமிப்பில்தான் இருக்கிறது என்று பிறகு அறிந்தேன்.

கரகோஷம் ஓய நெடுநேரம் ஆயிற்று. வாசித்தவர் நாலைந்து முறை வந்து வணங்கினார். கடைசியில், யாரும் பாராத வேளை என்று எண்ணினார் போலும், குழாயின் அடியில் உள்ள சிறு திறப்பை அழுத்தி, உள்ளே தேங்கிய நீரை ஊதி வெளியேற்றினார். எச்சில் என்று நான் முகம் சுளித்தேன். பெரும்பாலும் எச்சில் அன்று, சூடான மூச்சு குளிர்ந்த பித்தளையில் பட்டுத் தண்ணீரான ஈரம் என்று மாணவி திருத்தினாள். அவர் ஒரு துணியால் வாயைத் துடைத்துக்கொண்டார். உதட்டின் நடுவே, கருவியின் வாய் அழுந்திய இடம், சிவந்த வளையமாக இருந்தது. அவ்வளவு தொலைவிலிருந்தும் அது தெரிந்தது.