கே.பி. சுந்தராம்பாள் (1908–1980)
கொடுமுடியிலிருந்து எழுந்த குரல்

காவிரிக்கரையிலுள்ள கொடுமுடியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுமியாகவே நாடகக் கம்பெனியில் சேர்ந்து பாலபார்ட் எனப்படும் சிறுவர் வேடங்களில் பாடி நடித்தார்.

அக்காலத்தில் மேடையில் ஒலிபெருக்கி இல்லை. ஆர்மோனியமும் மிருதங்கமும் ஒலிக்க, கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவர் காதுக்கும் பாட்டு எட்ட வேண்டும். கணீரென்ற அவரது உச்சஸ்தாயிக் குரல் அந்த மேடையில் பழகியது. ஆண் வேடமும் அவருக்குக் கைவந்தது.

1920களில் இலங்கைக்கு நாடகமாடச் சென்றவர், அங்கே நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பாவுடன் ஜோடியாக நடித்தார். ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் அவர் வள்ளி, கிட்டப்பா முருகன். இருவரும் போட்டி போட்டுப் பாடுவதைக் கேட்கவே கூட்டம் திரண்டது. பின்னர் இருவரும் மணந்துகொண்டனர். 1933இல் கிட்டப்பா மறைந்தபின் வெள்ளைச் சேலைக்கு மாறிய சுந்தராம்பாள், வேறு ஆண் நடிகருடன் ஜோடி சேர்ந்து நடிக்க மறுத்தார்.

1935இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். ‘ஔவையார்’ (1953), ‘பூம்புகார்’ (1964), ‘திருவிளையாடல்’ (1965) ஆகிய படங்கள் மேடையைக் காணாத தலைமுறையிடமும் அவர் குரலைச் சேர்த்தன. சென்னை மாகாண மேலவை உறுப்பினராகவும் இருந்தார். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.