'அம்மா'வுக்குப் பதினோரு புள்ளி!

கண்ணைக் கட்டிக்கொண்டு இட்லி சாப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

போன ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்தேன். முதல் விள்ளல், சட்னியில் தோய்வதற்குப் பதில் தண்ணீர் டம்ளரில் முங்கியது. இரண்டாவது விள்ளல் மூக்கை விசாரித்துவிட்டு வாய்க்கு வந்தது. "பேப்பரைப் பாத்துக்கிட்டே சாப்பிடறப்பவும் தினம் இதேதானே நடக்குது. இதுக்கு எதுக்கு ஒரு துண்டை வீணாக்கறீங்க?" என்றாள் மனைவி.

எங்கள் அம்பத்தூர் தெருவில் குடியிருக்கும் ஒரு ஸ்பெஷல் டீச்சர் சொல்லித்தான் இந்த விஷப்பரீட்சை! பார்வையற்ற குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தரப் பயிற்சி எடுப்பவர்கள், தாங்களே கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தும் பழகுகிறார்கள்.

"தட்டை ஒரு கடிகாரமா நெனச்சுக்குங்க சார். சட்னி ஒன்பது மணில, சாம்பார் மூணு மணில, இட்லி ஆறு மணில. இதை ஒரு தடவை சொல்லிட்டா போதும். குழந்தை தானே சாப்பிட்டுக்கும். ஊட்டிவிட ஆள் வேணாம்" என்றார் டீச்சர்.

இரண்டாவது ரவுண்டில் கடிகாரம் வேலை செய்தது. சட்டை மட்டும் சலவைக்குப் போனது.

இப்படிப்பட்ட டீச்சர்களை உருவாக்கும் இடம் ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. பூந்தமல்லி டிரங்க் ரோடில் எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருப்போம். அங்கே பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. சுதந்திரத்துக்கு முன்பே ஆரம்பித்த பள்ளி. டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட பார்வைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் 1988-லிருந்து பூந்தமல்லியில்தான் நடக்கிறது. தென் மாநிலங்களுக்கெல்லாம் அதுதான் மண்டல மையம்.

ப்ளஸ் டூ முடித்தவர்கள் இரண்டு வருஷம் சிறப்புக் கல்வி டிப்ளமோ படிக்கலாம். டிகிரி முடித்தவர்களுக்கு ஸ்பெஷல் பி.எட். இருக்கிறது, அதுவும் இரண்டு வருஷம். படித்து முடித்தவுடன் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தாக வேண்டும். 1992-ல் வந்த சட்டப்படி, பதிவு இல்லாமல் இந்தத் தொழில் பார்த்தால் ஒரு வருஷம் வரை ஜெயில், அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். டாக்டருக்கு இருப்பது போல இவர்களுக்கும் ஒரு நம்பர் உண்டு. நமக்குத்தான் தெரியாது.

வலமிருந்து இடமாக!

பயிற்சியின் முதல் கண்டம் பிரெயில். இந்த எழுத்தின் பிதாமகர் லூயி பிரெயில் பிறந்தது 1809-ல், பிரான்சில். அப்பா குதிரைச் சேணம் தைப்பவர். மூன்று வயதில் பட்டறையில் விளையாடும்போது கூரான கருவி கண்ணில் பட்டு, பிறகு இரண்டு கண்ணும் போயிற்று. 15 வயதிலேயே ஆறு புள்ளி எழுத்து முறையை உருவாக்கிவிட்டார். கண்ணைப் பறித்ததும் ஒரு கூர்முனை. புள்ளி குத்தி எழுத வைத்ததும் ஒரு முனைதான்!

ஆறே ஆறு புள்ளிதான். அவற்றை மாற்றி மாற்றிப் போட்டால் 63 வடிவம் கிடைக்கும். 1951-ல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 'பாரதி பிரெயில்' முடிவானது. அதன்படி 'அ' என்றால் ஒரே ஒரு புள்ளி. 'ம' என்றால் மூன்று புள்ளி.

"உங்களுக்கு 'அம்மா' எழுதத் தெரியுமா சார்?" என்று கேட்டார் டீச்சர்.

எனக்குக் கோபம் வந்தது. முப்பது வருஷமாக எழுதிப் பிழைக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா?

அட்டையில் குத்திக் காட்டினார். முதலில் 'அ'. அடுத்து 'ம்' வராது. அந்த மெய்க்கு வைக்க வேண்டிய புள்ளி முன்னால் வந்து உட்காரும். அப்புறம் 'ம'. அப்புறம் இன்னொரு 'ம'. கடைசியில் காலுக்குப் பதிலாக முழு 'ஆ'. ஒன்று, ஒன்று, மூன்று, மூன்று, மூன்று. அம்மாவுக்குப் பதினோரு புள்ளி!

இதோடு விட்டால் பரவாயில்லை. ஸ்லேட்டில் காகிதத்தைச் செருகி, மழுங்கின ஊசியால் பின்பக்கமிருந்து குத்த வேண்டும். புள்ளி மறுபக்கம்தானே மேடாகும்? அதனால் வலமிருந்து இடமாக, ஒவ்வொரு எழுத்தையும் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி எழுத வேண்டும். காகிதத்தைத் திருப்பிவிட்டு இடமிருந்து வலமாகத் தடவிப் படிக்க வேண்டும். அரை மணி நேரம் முயன்று நான் எழுதியதை டீச்சர் விரலால் தடவிப் பார்த்தார். "சார், இது எந்த மொழி?" என்றார். முப்பது வருஷ எழுத்தாளர் என்ற மிதப்பு அங்கேயே இறங்கிவிட்டது.

கணக்குக்கு டெய்லர் பிரேம் என்று ஒரு பலகை இருக்கிறது. எட்டு மூலை ஓட்டைகளில் சின்ன உலோகக் கட்டையைச் செருக வேண்டும். கட்டையின் ஒரு முனையில் மேடான கோடு, மறுமுனையில் இரண்டு புள்ளி. எட்டுத் திசையில் திருப்பலாம்; இரண்டு முனை. ஆகப் பதினாறு அடையாளம். பத்து இலக்கங்கள் போக, கூட்டல் கழித்தலுக்கும் இடம் மிச்சம்.

வெள்ளைக் கோலில் நடப்பதற்கும் தாளம் உண்டு. வலது கால் முன்னே போகும்போது கோல் இடப்பக்கம் தட்டும். இடது காலுக்கு வலப்பக்கம். அதாவது, அடுத்த கால் விழப்போகிற இடத்தைக் கோல் முன்கூட்டியே விசாரித்துவிடுகிறது.

"ரோடு கிராஸ் பண்ண உதவறேன்னு நம்ம ஆளுங்க அவங்க கையப் புடிச்சு இழுத்துட்டுப் போவாங்க பாருங்க, அது தப்பு சார். நாம கையக் கொடுக்கணும். அவங்க நம்ம முழங்கைக்கு மேல புடிச்சிக்கிட்டு அரை அடி பின்னால வருவாங்க. நம்ம உடம்பு திரும்பறது, படி எறங்கறது எல்லாம் அவங்களுக்குத் தெரிஞ்சிடும்" என்றார் டீச்சர். அம்பத்தூர் எஸ்டேட் பஸ் ஸ்டாண்டில் நான் எத்தனை பேரை 'இழுத்து'ப் புண்ணியம் தேடியிருப்பேனோ!

கடைசி பெஞ்சுக் கதை

சிரித்தது போதும். இந்த டீச்சரைத் தேடிப் போய் நான் உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. இத்தனை நாள் யாரிடமும் சொல்லாதது.

காலேஜ் படிக்கும்போது வீட்டுத் திண்ணையில் டியூஷன் எடுத்தேன். எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள். அதில் ஒரு பையன், உயரமாக இருப்பான் என்று கடைசியில் உட்கார வைத்திருந்தேன். போர்டில் 8 எழுதினால் 3 என்று எழுதுவான். 'ள' என்றால் 'ன'. வாயால் கேட்டால் டக்கென்று பதில் வரும். நோட்டைப் பார்த்தால் குப்பை. 'திமிர்' என்று முடிவு கட்டினேன். தலையில் குட்டுவேன். ஒன்றல்ல, இரண்டல்ல... ஒரு வருஷம் குட்டினேன்.

அப்புறம் ஒரு கண் முகாமில்தான் தெரிந்தது. கண்ணாடி போட்டாலும் முழுதாகச் சரியாகாத குறைபார்வை. "ஏண்டா என்கிட்ட சொல்லலை?" என்று கேட்டேன். அவன் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"எல்லாருக்கும் இப்படித்தாண்ணா தெரியும்னு நெனச்சேன்."

பிறந்ததிலிருந்து மங்கலாகவே பார்த்தவனுக்கு, மங்கல் என்று ஒன்று இருப்பதே எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டியவன் நான். அவனை முதல் வரிசைக்கு மாற்றி, போர்டில் எழுதும்போதே வாய்விட்டுப் படித்திருந்தால் போதும். செலவு காலணா கிடையாது.

இதை டீச்சரிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "டிரெயினிங்ல மொதல் பாடமே அதான் சார். குழந்தை தானா வந்து சொல்லாது. நாமதான் பாக்கணும். தலையச் சாய்ச்சுப் படிக்குதா, புத்தகத்தை மூக்குகிட்ட வெச்சுக்குதா, நாம திரும்பி நின்னு பேசினா மட்டும் தப்பு தப்பா எழுதுதா..." என்றார். கடைசியில் சொன்னது காது மந்தமான குழந்தை. நம் உதட்டைப் பார்த்துத்தான் அது பாதி புரிந்துகொள்கிறது. போர்டைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்துகிற வாத்தியார் அதற்கு ஊமைப் படம்தான்!

சட்டம் இருக்கு... ஆள்?

மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைச் சாதாரணப் பள்ளியிலேயே சேர்த்துப் படிக்க வைக்கும் மத்திய அரசுத் திட்டம் 1974-லேயே வந்துவிட்டது. 1995-ம் வருஷச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைச் சொன்னது. 2016-ம் வருஷச் சட்டம் அதை 21 ஆக்கியது. ஆட்டிசமும், டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடுகளும் பட்டியலில் ஏறின. குறைபாடு 40 சதவிகிதத்துக்குக் குறையாமல் இருந்தால், 6 வயது முதல் 18 வயது வரை பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ, விரும்பிய இடத்தில் இலவசமாகப் படிக்க உரிமை உண்டு. தமிழ்நாட்டில் பொதுத்தேர்வில் சொல்வதை எழுத ஆள், கூடுதல் நேரம், சிலருக்கு ஒரு மொழிப்பாட விலக்கு என்று சலுகைகளும் இருக்கின்றன.

சட்டத்தில் குறையில்லை. ஆள்தான் குறை.

2021 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் ஒரு கணக்குச் சொன்னது. ஆரம்பப் பள்ளியில் இப்படிப்பட்ட பத்துக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர். அதற்கு மேல் வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர். 2025 மார்ச்சில் மறுபடி அதே கோர்ட், பணியிடங்களை முறையாக அறிவித்து நிரப்பும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஒரு கணக்கை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், பையன் நோட்டில் என்ன எழுதினான் என்று புரிகிறதல்லவா?

நம் அரசுப் பள்ளிகளில் இந்த வேலையைப் பெரும்பாலும் தாங்கி நின்றவர்கள், திட்ட நிதியில் தொகுப்பூதியம் வாங்கும் சிறப்புப் பயிற்றுநர்கள். ஒரு பள்ளி இல்லை, ஒரு ஒன்றியத்தில் பல பள்ளிகளைச் சுற்ற வேண்டும். பள்ளிக்கு வர முடியாத குழந்தைக்கு வீட்டுக்கே போய்ச் சொல்லித்தர வேண்டும். 2024-25-ல் மத்திய, மாநில அரசுகளின் நிதித் தகராறில் சமக்ர சிக்ஷா பணம் நின்றபோது, இவர்கள் சம்பளமும் கேள்விக்குறியானது.

நம் ஏரியாவில் இன்னொரு கூத்து. அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. ஆவடி 2019-லிருந்து தனி மாநகராட்சி. பூந்தமல்லி நகராட்சி. கம்பெனி வேலைக்காரக் குடும்பம் வாடகை ஏறிற்று என்று நாலு கிலோமீட்டர் தள்ளி வீடு மாறினால், நிர்வாகமே மாறிவிடுகிறது. பீரோவும் கட்டிலும் டெம்போவில் பத்திரமாக வந்துவிடும். அந்தக் குழந்தைக்கு என்ன வரும், எதில் திணறும், எப்படிச் சொன்னால் புரியும் என்று பழைய டீச்சர் எழுதி வைத்த நோட்டு கூட வருமா?

"அதனாலதான் சார், வீடு மாறும்போது அந்த நோட்டோட ஒரு காப்பியை வாங்கி வெச்சுக்கச் சொல்லி அம்மாக்கள்கிட்ட நான் அடிச்சுச் சொல்லிடறது. புது டீச்சருக்கு ஆறு மாசம் மிச்சம். அந்தக் குழந்தைக்கு ஒரு வருஷம் மிச்சம்" என்கிறார் டீச்சர்.

நான் டியூஷன் எடுத்த பையன்? எட்டாவதோடு நின்றுவிட்டான். இப்போது ஆவடி பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறான். எடைக் கல்லைக் கையால் தூக்கிப் பார்த்தே சரியாகச் சொல்வான். போன வாரம் போயிருந்தேன். "அண்ணா, உக்காருங்க" என்று ஸ்டூல் போட்டான். டீச்சர் குத்திக் கொடுத்த அட்டையைக் கொடுத்தேன். விரலால் தடவினான்.

"என்னண்ணா இது?"

"'அம்மா'ன்னு எழுதியிருக்கு. பதினோரு புள்ளி."

இன்னொரு தடவை தடவினான். சிரித்தான்.

"அப்பவே யாராவது சொல்லிக் குடுத்திருந்தா, நானும் ப்ளஸ் டூ முடிச்சிருப்பேண்ணா" என்றான், து.பருப்பு நிறுத்துக்கொண்டே.

எனக்குத் தலையில் யாரோ குட்டின மாதிரி இருந்தது.